முதற் பந்தியா, இரண்டாம் பந்தியா?

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம்மவர் வாயில் அடிபட்டுத் தேய்ந்த பழமொழி. உணவென்றால் முந்திக்கொள், போரென்றால் பின்வாங்கு என்று கோழைக்கும் பெருந்தீனிக்காரனுக்கும் உபதேசம் செய்வதாகவே பலரும் இதற்குப் பொருள் கொள்வர். இது வலக்கையைப் பற்றியது. பந்தியில் அக்கை இலையை நோக்கி முந்துகிறது, படையில் அம்பறாத்தூணியை நோக்கிப் பின்னே செல்கிறது என்று நயமுரைக்கும் புலவர்களும் உளர். எப்பொருள் மெய்ப்பொருளாயினும் ஆகுக. இப்பழமொழியை ஆக்கியவன் உல்லாசக் கப்பலில் ஏறியவன் அல்லன் என்பது மட்டும் எனக்கு உறுதி. ஏறியிருந்தால், முந்துவதா பிந்துவதா என்ற வினாவை இத்தனை எளிதில் முடித்துவைத்திருக்க மாட்டான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் புதியன அல்ல. ஆனால், சரக்கும் போரும் கருதாமல், பார்ப்பதற்கென்றே மனிதரைச் சுமந்து வரும் கப்பல்களை இவ்வூரார் பேச்சில் அடிக்கடி கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி சென்னையில் ‘எம்ப்ரெஸ்’ என்னுங் கப்பலைக் கொடியசைத்து வழியனுப்பியபோது, அதன் பயணப் பாதையில் அம்பாந்தோட்டையோடும் காங்கேசன்துறையோடும் திருகோணமலையின் பெயரும் இருந்தது. பிரான்சு நாட்டுச் செயின்ட் நசேரில் கட்டப்பெற்று 1990இல் சேவையில் இறங்கி, அமெரிக்கக் கரையோரங்களிற் பல்லாண்டு உழைத்த கப்பல் அது. அச்செய்தி வந்த நாள்தொட்டு, ‘நாமும் ஒருமுறை குடும்பத்தோடு போய்வந்தால் என்ன?’ என்ற ஆசை எம் சுற்றத்தாரிடையே பரவிற்று. கடைசியில், வேறொரு கப்பலில், கொழும்பிலே ஏறிப் பத்துப் பேராகச் சென்றுவந்தோம். அறைக்கு எவ்வளவு, எந்தத் துறையில் எத்தனை நாழிகை என்பன எல்லாம் ஒரு மாலைப் பொழுதிலே தீர்ந்தன. பிரயாணப் பத்திரத்தின் ஓரத்தில் இருந்த ஒரே ஒரு சிறு வினா மட்டும் மூன்று நாள் தீரவில்லை. இராப்போசனம் முதற் பந்தியிலா, இரண்டாம் பந்தியிலா?

வினாவின் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். கப்பலில் இடம் என்பது பொன். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பேரையும் ஒருங்கே இருத்தும் உணவுக்கூடம் அமைத்தால், அறைகளுக்கான இடத்தை அது விழுங்கிவிடும். ஆகவே பாதிப் பேருக்கு மேசை போட்டு, அதனை மாலையில் இருமுறை பயன்படுத்துவது வழக்கம். எங்கள் கப்பலில் முதற் பந்தி மாலை 6.15க்கு, இரண்டாம் பந்தி இரவு 8.30க்கு. இடையில் எச்சிற் கலங்களை அகற்றி, விரிப்பு மாற்றி, கத்தி கரண்டி அடுக்கி, மீண்டும் ஒரு விருந்து தொடங்கவேண்டும். எந்தப் பந்தியை ஏற்றாலும் பிரயாணம் முடியுமட்டும் அதே நேரம், அதே மேசை, அதே பரிசாரகர். நாடக அரங்கின் நேரமும் இதனை ஒட்டியே. முதலில் உண்போர் பின்னர் ஆட்டம் பார்ப்பர். பின்னர் உண்போர் முன்னர் பார்த்துவிடுவர். அரங்கிலும் எல்லாருக்கும் ஒருங்கே இடமில்லை என்பதை மறைக்கச் செய்த தந்திரம் இது. நல்ல தந்திரமே.

எல்லாரும் ஒரே வேளையில் உண்பது ஒருகாலத்தில் பெருமைக்குரிய செய்தியாய் இருந்தது. 1842இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ‘பிரித்தானியா’ என்ற நீராவிக் கப்பலில் அமெரிக்கா சென்றபோது, நீண்ட கூடமொன்றில் நீண்ட மேசையில் ஐந்து மணிக்கு மணியடித்துப் போசனம். அக்கூடத்தைப் பிணவண்டியோடு ஒப்பிட்டு எழுதினார் அவர். பிரெஞ்சுக்காரர் 1935இல் ஓட்டிய ‘நோர்மண்டி’க் கப்பலின் முதல் வகுப்பு உணவுக்கூடமோ 305 அடி நீளம், 700 பேர் ஒருங்கே அமரலாம். இக்காலத்திலும் ‘குவீன் மேரி 2’ போன்ற கப்பல்களில் பெரிய உணவகத்தாருக்கு இரண்டு பந்தி வகுத்துவிட்டு, மிகுந்த கட்டணஞ் செலுத்துவோருக்குத் தனியுணவகத்தில் தமக்கென ஒரு மேசையை ஒதுக்கிவைப்பர். பந்தி பார்க்கவேண்டிய தொல்லை செல்வருக்கில்லை. 2000ஆம் ஆண்டில் நோர்வேஜியன் நிறுவனத்தார் விரும்பிய வேளையில் விரும்பிய மேசையில் உண்ணும் முறையைப் புகுத்தினர். பின்னர் வேறு பலரும் அதனைப் பின்பற்றினர். அதிலே சுதந்திரம் உண்டு. பரிசாரகர் நம் பெயரை அறியமாட்டார் என்ற குறையும் உண்டு.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். பத்துப் பேரில் மூத்தவர் என் தாயார், எண்பத்திரண்டு வயது. மாலை ஆறரைக்கு நீரிழிவுக்கான ஊசி. ஊசி ஏற்றிய சிறிது நேரத்தில் உணவு. இளையவன் என் மகளின் பிள்ளை, நான்கு வயது. ஏழரை மணியானால் நின்ற இடத்திலே தூங்கிவிழுவான். இவ்விருவருக்கும் இடையில் கனடாவிலிருந்து வந்த என் தம்பியும் அவன் மனைவியும் இளைஞராகிய பிள்ளைகள் இருவரும். தம்பி எடுத்த எடுப்பிலே சொன்னான்: “அண்ணை, எட்டரைப் பந்திதான் சரி. நாலரைக்குத் தேத்தண்ணியும் கேக்கும் தருவாங்கள். ஆறேகாலுக்கு ஆருக்குப் பசிக்கும்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்ற அதிகாரத்தில், முன் உண்டது அற்றதை அறிந்து உண்பதையே நோயற்ற வாழ்வுக்கு வழியாகக் கூறினார். மாலைத் தேநீரோடு அடுக்கடுக்காய்ப் பணியாரம் பரப்பும் ஓரிடத்தில் முதற் பந்திக்குச் செல்வது குறளுக்கு மாறுதான். ஆயினும் எட்டரைக்கு அமர்ந்தால் எழும்போது பத்தரை, உடனே படுக்கை. அதுவுங் குறளுக்கு ஏற்றதன்று. வள்ளுவர் இருபக்கத்துக்குஞ் சாட்சியாக நின்றமையால் வழக்கு அன்று ஒத்திவைக்கப்பட்டது.

தம்பியின் மனத்தில் வேறொரு காரணமும் இருந்ததென்று எனக்குத் தோன்றிற்று. முன்னேரத்தில் உண்பது முதியோர்க்கும் குழந்தைகட்கும் உரியது, பின்னேரத்தில் உண்பதே நாகரிகம் என்றோர் எண்ணம். இவ்வெண்ணம் பழையது. அதன் வரலாற்றின் ஒரு நுனி நம் திருகோணமலை மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. இங்குள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை உள்ளது. கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தலைமையை வகித்துப் பர்மியப் போரில் ஈடுபட்டிருந்தபோது, 1852 ஒக்டோபர் 7ஆந் திகதி ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் இறந்தவர். அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய தம்பி. அவ்வம்மையார் 1798இல் தம் தமக்கைக்கு வரைந்த கடிதமொன்றில், தாம் வீட்டில் மூன்றரை மணிக்கே போசனம் கொள்வதைச் சொல்லி, செல்வர் மாளிகையில் விருந்தினராய் இருந்த அத்தமக்கை தம்மை இகழக்கூடுமென்று கேலியாக அஞ்சுகிறார். பத்தாண்டு கழித்து 1808இல் எழுதியதிலோ, இப்போதெல்லாம் ஐந்துக்கு முன்னர் உண்பதில்லை என்கிறார். 1813இல் வெளியான அவரது ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலிற் செல்வர் மனையில் ஆறரைக்குப் போசனம். உணவு வேளை பிந்தப் பிந்த அந்தஸ்து ஏறுகிறது! விளக்கெரிக்கப் பணம் இருப்பவனே இருட்டிய பின் உண்ண முடியும் என்பதுதான் இதன் அடிப்படை. மின்விளக்கு வந்து காரணம் ஒழிந்த பின்னும் எண்ணம் ஒழியவில்லை.

அந்தத் தளபதியின் கீழ் உழைத்த மாலுமிகளோ பந்திப் பிரச்சினைக்கு வேறு விடை கண்டிருந்தனர். கப்பலிற் காவல் நான்கு மணிக்கொரு முறை மாறும். நாளொன்றுக்கு ஆறு காவல். இரண்டு குழுவினர் மாறி மாறி நின்றால், ஆறு இரட்டைப்படை எண்ணாதலால், ஒரு குழுவினர்க்கே நாள்தோறும் நள்ளிரவுக் காவல் வந்து சேரும். ஆதலால் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டாகப் பிளந்து ஏழாக்கினர். ‘நாய்க் காவல்’ என்பது அவ்விரு குறுங்காவலுக்கும் ஆங்கிலேயர் இட்ட பெயர். இதனால் இன்று முன்னிரவில் நின்றவன் நாளை பின்னிரவில் நிற்பான். அதனோடு, ஒரு குழு காவல் நிற்கையில் மறு குழு மாலையுணவு கொள்ளும். பின்னர் இவர்கள் நிற்க, அவர்கள் உண்பர். முதற் பந்தியும் இரண்டாம் பந்தியும் நாள்தோறும் கைமாறின. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியர் இக்கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை, எங்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்ட போர்க்கப்பல்களில் மாலைதோறும் இம்முறை நடந்திருக்கும். உல்லாசக் கப்பலை நடத்துவோர் இந்நீதியைக் கடன்வாங்காதது வியப்பே.

நம் வீடுகளில் பந்தி கைமாறியதுண்டா? இங்கேதான் வழக்கு விளையாட்டாய் இல்லாமற் போயிற்று.

கலியாண வீட்டில் முதற் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு, அடுத்தது ஊராருக்கு, கடைசியில், பாயாசம் தண்ணீராகி அப்பளம் நொறுங்கிக் கிடக்கும் வேளையில், சமைத்தவருக்கும் பரிமாறியவருக்கும். அன்றாட வீட்டிலும் அதுவே நியதி. ஆண்கள், பிள்ளைகள், விருந்தினர், பின்னர் பெண்கள். நான் பிறந்த வீட்டில் என் தாயார் எப்போது உண்டார் என்பதற்கு என் நினைவிற் சித்திரமே இல்லை. இலக்கியத்திலும் அப்படித்தான். கொலைக்களக் காதையை மாணவருக்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்ததுண்டு. மதுரைப் புறஞ்சேரியில் இடைக்குல மடந்தை மாதரி, கோவலன் சாவக நோன்பு உடையவனாதலால் பகற்பொழுதிலே உண்ண வேண்டியவன் என்று எண்ணி, சமையற் கலங்களைக் காலம் நீட்டாது கொடுக்கும்படி தன் சுற்றத்தாரை ஏவுகிறாள். தமிழில் நான் அறிந்தமட்டில், வேளை தவறாத போசனத்துக்காகப் பிறர் பட்ட அவசரத்தின் அழகிய சித்திரம் இது. கண்ணகி காய் அரிகிறாள். மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையிற் கண் சிவக்கிறது. பனையோலைத் தவிசில் அவன் இருக்க, அடி கழுவி, தரை தெளித்து, குமரி வாழையின் குருத்திலை விரித்து அமுது படைக்கிறாள். உண்டபின் அவனுக்கு வெற்றிலை பாக்கும் கொடுக்கிறாள். எல்லாவற்றையும் இத்துணை நுணுக்கமாகச் சொன்ன இளங்கோவடிகள், கண்ணகி உண்டாள் என்று ஓரடி பாடவில்லை. அவள் பந்தி வருமுன்னரே கோவலன் சிலம்போடு புறப்பட்டுவிடுகிறான்.

இராவுண்ணாமை சமணர்க்கு இன்றும் நோன்பு. இந்தியப் பிரயாணிகளை ஏற்றுங் கப்பல்களிற் சமண உணவைத் தனியே சமைக்கின்றனர். அத்தகைய குடும்பத்தார்க்கு முதற் பந்தி வசதியன்று; சமயம். மாசி மாதத்தில் நம் பக்கத்துச் சூரியன் மறைவதே ஆறேகால் அளவில் என்பதால், அவர்கள் முதற் பந்திக்கும் முற்பட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் இரவு, தம்பியின் பிள்ளைகள் ஒரு சமரசங் கூறினர். பெரியோரும் குழந்தையும் முதற் பந்தி. மற்றவர் இரண்டாம் பந்தி. கேட்பதற்கு நேர்மையாயிருந்தது. அப்போது யாரும் கருத்துக் கேளாத என் மனைவி வாய் திறந்தார். “இஞ்சருங்கோ, அப்பிடியெண்டால் நான் எந்தப் பந்தி? மாமிக்கு ஊசி போட முதற் பந்தியில இருக்கவேணும். பிள்ளையளுக்கு என்ன வேணுமெண்டு பார்க்க இரண்டாம் பந்தியிலயும் இருக்கவேணும். வீட்டில செய்யிறதைச் செய்யக் கப்பலுக்கு ஏன் காசு?”

சபை அடங்கிற்று. கனடாவிலிருந்து வந்த மருமகள்தான் முதலிற் சிரித்தாள், பின்னர், “எல்லாரும் ஒரே பந்தி, மாமி. உங்களுக்கு எது விருப்பமோ அது” என்றாள். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் என் மனைவியிடம் உணவு வேளையைத் தெரிவு செய்யும்படி யாரும் கேட்டதில்லை. அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஆறேகால் என்றார். காரணங் கேட்டதற்கு, “ஒருநாளாவது சூடு ஆறமுதல் சாப்பிட்டுப் பாக்கவேணும்” என்றார்.

இத்தீர்ப்பின் பயனைக் கப்பலிற் கண்டோம். பத்துப் பேருக்கு வட்டமேசை. முதற் பந்தியிற் கூடம் குழந்தைகளின் இரைச்சலால் நிறைந்திருந்தது; இரண்டாம் பந்தியார் காலெடுத்து வைக்குமுன் எங்களை எழுப்பவேண்டுமாதலால் பரிசாரகர் நடை விரைவாயிருந்தது. நிதானமாக உரையாடி உண்ண விரும்புவோர்க்கு அது ஏற்றதன்று. தேநீரை நாங்கள் இரண்டாம் நாளிலிருந்தே குறைத்துக்கொண்டோம். முதல் இரவு, என் மனைவி தமக்கு வைத்த தட்டிலிருந்து மீனை எடுத்துப் பேரனுக்கு வைக்க எழுந்தார். பரிசாரகர் மெல்ல முன்வந்து, பிள்ளைக்கு வேறு தட்டு வருகிறது என்று சைகை காட்டினார். அவர் மீண்டும் அமர்ந்தார். சிறிது நேரம் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பரிசாரகர் கோவாவைச் சேர்ந்த இளைஞர். நீ எப்போது உண்பாய் என்று அவரைக் கேட்டதும் என் மனைவியே. ஐந்து மணிக்கு முன் சிறிது, இரண்டாம் பந்தி முடிந்து கூடத்தை ஒழுங்குசெய்தபின் பதினொன்றுக்கு மீதி என்றார். அதன் பிறகு எங்கள் மேசையிற் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காய் அடுக்கப்பட்டன. ஐந்து நிமிடமாவது அவருக்கு மிஞ்சட்டும் என்பது மனைவியின் கணக்கு.

இவ்வாறு போகவிருப்போர் அறியவேண்டியது ஒன்று உண்டு. பந்தியைப் பத்திரத்தில் எழுதும்போதே, குடும்பத்தின் எல்லா அறைகளையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே மேசை கேட்டுவிட வேண்டும். தனித்தனியே பதிந்தவர் ஒரே பந்தியில் இருந்தும் இருபது மேசைக்கு அப்பால் இருப்பர். கேட்ட பந்தி கிடையாவிடின், ஏறிய அன்று பிற்பகலே உணவுக்கூடத் தலைவரைக் காணவேண்டும். இரவானால் அவருக்கு நேரமிராது. இன்னொன்று: துறைமுகத்தை விட்டு நீங்கும் மாலையில் பந்தி நேரத்தை வேதவாக்காய்க் கொள்ளலாகாது.

திருகோணமலையில் அதுதான் நிகழ்ந்தது. பகலெல்லாம் ஊரிலே, எங்கள் வீட்டிலேயே, விருந்தாளிகள்போல் இருந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினோம். ஐந்தரைக்கு நங்கூரம் எடுத்தனர். இத்துறைமுகம் வாசல் குறுகிய வீடு போன்றது. உள்ளே குளம்போல் நீர் அசையாது நிற்கும். ஒஸ்ரன்பேர்க் முனையைக் கடந்த பின்னரே கொட்டியாரக் குடா விரிந்து கடல் என்ற உணர்வு வரும். எங்கள் ஊரிற் சூரியன் கடலில் எழுவான், தரையில் மறைவான். கரையில் வாழும் நாங்கள் அம்மறைவை மரங்களுக்கும் கூரைகளுக்கும் பின்னே காண்பவர். கடலிலிருந்து பார்த்தாலோ ஊர் முழுவதும் கருநிழலாகிச் சுவாமி மலை மட்டும் வானத்தை ஏந்தி நிற்கும். அக்காட்சி வரும் வேளை ஆறேகால். முதற் பந்திக்கு மணி அடித்தது.

தாயார் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசிக்கு நேரமாகிறது என்றேன். “கோணேசரைக் கண்டபிறகு போடலாம். உண்ணாமல் ஊசி போட்டாற்தானே பிழை?” என்றார். எண்பத்திரண்டு ஆண்டு அதே ஊரில் வாழ்ந்தும் அம்மலையைக் கடற்பக்கத்திலிருந்து அவர் கண்டதில்லை. கோயில் விளக்குகள் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கின. தம்பியின் பிள்ளைகள் மேலேயுள்ள எளிய உணவுச்சாலையிலிருந்து தட்டுகளிற் சோறும் பருப்பும் கொணர்ந்தனர். அப்பம்மாவுக்கு முதலில், பின்னர் பெரியம்மாவுக்கு. கம்பியோரத்து நாற்காலிகளில் இருந்து உண்டோம்.

மறுநாள் மாலை பரிசாரகர் பத்து நாற்காலியும் முன்னைநாள் வெறுமையாய் இருந்ததைச் சுட்டி, உடம்புக்கு ஏதாவதா என்று கவலையோடு கேட்டார். நான் வாய் திறக்குமுன் தாயார் தமிழிலேயே, கோயில், மலை, கடல் என்று கையால் வரைந்து காட்டி விளக்கினார். அவர் எதை விளங்கிக்கொண்டாரோ அறியேன். தலையை அசைத்துவிட்டுப் போய், தாயாரின் சூப்பை மற்றெல்லாருக்கும் முன்னதாகக் கொண்டுவந்து வைத்தார்.